ஆவடியில் எட்டுப் பேரும் நாலு பீரும்

வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு எழும்பூரில் இறங்கினோம். ராஜபாளையத்திலிருந்து பதினைந்து மணி நேரம். எட்டுப் பேரும் ஒரே சீப்பை வைத்து மாறி மாறித் தலை வாரிக்கொண்டு, தோளில் பையும் கையில் பந்து வலையுமாக சென்ட்ரலுக்கு நடந்தோம். அங்கிருந்து ஆவடிக்கு மின்சார ரயில். இருபத்துநாலு கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். தொண்ணூற்று மூன்றாம் வருஷம், தை மாதம். எங்கள் மில்லின் வாலிபால் டீம் முதல் தடவையாகச் சென்னைப் பக்கம் ஆட வந்திருந்தது.

நான் டீமில் எட்டாவது ஆள். எட்டாவது ஆளுக்குக் களத்தில் பெரிய வேலை கிடையாது, வெளியேதான் வேலை. தண்ணீர் பிடிப்பது, சோற்றுக் கடை பார்ப்பது, சாயங்காலம் பார் கண்டுபிடிப்பது. இந்தக் கடைசி வேலையை எனக்குக் கொடுத்தவர் கேப்டன் செல்லத்துரை அண்ணன். எந்த ஊருக்கு ஆடப் போனாலும் முதல் நாள் சாயங்காலம் அந்த ஊர்க்காரன் உட்காருகிற பாரில் உட்கார்ந்து, அந்த ஊர் பீரை ரெண்டு பேருக்கு ஒரு பாட்டில் என்று குடிக்க வேண்டும். எட்டு மணிக்குள் எழுந்துவிட வேண்டும். பதினொரு வருஷமாக இது டீமின் சட்டம். "ஊர்க்காரன் பக்கத்துல உக்காந்து ஒரு வாய் குடிச்சாத்தாண்டா அந்த ஊர் மண்ணு நம்ம காலுக்குப் பழகும்" என்பார் அண்ணன். திருநெல்வேலி, திண்டுக்கல், சேலம் என்று எங்கே போனாலும் அப்படித்தான் பழகினோம்.

ஆனால் இந்தத் தடவை அண்ணன் முகத்தில் சிரிப்பு கம்மி. புறப்படுவதற்கு முந்தின நாள் மில் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: அரையிறுதிக்குப் போனால் டீம் இருக்கும், போகாவிட்டால் இதோடு சரி. சம்பளத்தோடு லீவும் கிடையாது, ரயில் கட்டணமும் கிடையாது. மில் காம்பவுண்டில் பஞ்சுக் கயிற்றைக் கட்டி வலையாக வைத்து அந்த டீமை உண்டாக்கியவர் அண்ணன். ரயிலில் இரவெல்லாம் அவர் படுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தே வந்தார்.

மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையை ஒதுக்கித் தந்திருந்தார்கள். பெஞ்சுகளை ஒட்டிப் போட்டால் கட்டில். மத்தியானம் மூன்று மணிக்கு முதல் ஆட்டம், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் நடுவே இருந்த மைதானத்தில். சுற்றிலும் நின்ற குடும்பங்களில் மதுரைப் பேச்சும் கேட்டது, கோயம்புத்தூர்ப் பேச்சும் கேட்டது. ஜெயித்தபோது யாரோ ஒரு அம்மா "நம்மூர்ப் பயலுகடி" என்று கை தட்டினார். ஆனால் ஒரு குறை. அண்ணன்தான் பந்தை அடிப்பதற்குத் தூக்கிக் கொடுப்பவர். எங்கே தூக்கப் போகிறார் என்பதை "ஒண்ணு", "ரெண்டு", "மூணு" என்று எங்களுக்குள் கத்திக்கொள்வோம். ஆட்டம் முடிவதற்குள் எதிர் டீம் அதைப் புரிந்துகொண்டு மூன்று பந்தை மறித்துவிட்டது. மறுநாள் கால் இறுதிக்குப் புது ரகசியம் வேண்டும்.

ஐந்து மணிக்குப் பார் தேடக் கிளம்பினோம். அம்பத்தூரில் நல்ல பார் இருப்பதாகக் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒருவர் சொன்னார். பஸ்ஸில் அரை மணி நேரம். தொழிற்பேட்டைப் பக்கத்துப் பாரில் ஷிப்ட் முடிந்த கூட்டம் முண்டியடித்தது. நாற்காலி என்று ஒன்றுகூட இல்லை. பீர் கேட்டதும் பார்க்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பீரு கீது நைனா. ஆனா சூடா கீது. இங்க வர்றவன் நின்னுகினே ஒரு குவாட்டர ஊத்திகினு பஸ்ஸ புடிக்கப் பூடுவான். குந்திகினு பீரு குடிக்க யாருக்கு நேரம் கீது?"

"எங்கேதாங்க உக்காந்து குடிக்கிறாங்க?"

"ஆவடி மார்க்கெட்டு பின்னால போ. குவார்ட்டர்ஸ்காரங்க குந்திகினு நாட்டு நடப்பு பேசுவாங்கோ."

வந்த வழியே ஆவடிக்குத் திரும்பினோம். "எட்டு கிலோமீட்டர் போய் விலாசம் கேட்டுட்டு வந்த ஆளு நீதான்டா, மாரி" என்று என்னைக் குத்தினான் பொன்ராஜ். அவன் எங்கள் டீமின் அடிக்கிற கை. வாயும் அதே வேகம்.

மார்க்கெட்டுக்குப் பின்னால், கல்நார்க் கூரை, மணல் தரை, பத்து மேஜை. ஆறரை மணி. உள்ளே நுழைந்ததுமே மனசுக்குப் பிடித்துவிட்டது. ஒரு மூலையில் மரத்தூள் நிரப்பிய பெட்டிக்குள் ஐஸ் கட்டி, அதற்குள் பாட்டில்கள். பீர் முப்பத்திரண்டு ரூபாய், 'கூலிங் சார்ஜ்' தனியாக ரெண்டு ரூபாய். எங்கள் ஊரில் ஈரச் சாக்கைச் சுற்றித் தருவார்கள், அதற்குக் காசு கிடையாது, குளிர்ச்சியும் கிடையாது. நாலு பாட்டில் வாங்கினோம். சிவப்பு லேபிள் ஒட்டிய சென்னைப் பீர்; முதல் வாயில் லேசான கசப்பு, விழுங்கின பிறகு நாக்கில் வறுத்த அரிசி மாதிரி ஒரு வாசனை. தொட்டுக்கொள்ள அவித்த முட்டை, பட்டாணிச் சுண்டல், மிளகு போட்ட ஈரல்.

அந்த மேஜையைப் பார்த்ததும் அண்ணனுக்கு யோசனை வந்துவிட்டது. நாலு பாட்டிலையும் ரெண்டு கிளாஸையும் ஆறு ஆட்டக்காரர்களாக நிறுத்தினார்.

"இனிமே நம்பர் கிடையாது. வலை ஓரமா குட்டையாத் தூக்குனா முட்டை. இடது ஓரத்துக்கு ஒசரமாத் தூக்குனா சுண்டல். முதுகுக்குப் பின்னால தூக்குனா ஈரல். எந்தப் பய கண்டுபிடிக்கிறான்னு பாப்போம்!"

"சுண்டல்!" என்று பொன்ராஜ் எழுந்து நின்று காற்றில் அடித்துக் காட்டினான். மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அப்படியே ஆகிவிட்டது. எங்களுக்குள் கிசுகிசுப்பது என்பதே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

பக்கத்து மேஜையில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஒல்லி, நீளக் கை. கண்ணியப்பன், தொழிற்சாலையில் டர்னர் என்று சொன்னார். தன் தட்டிலிருந்த ஆட்டுக்குடல் போட்டி வறுவலைப் பாதிக்குப் பாதி எங்கள் பக்கம் தள்ளினார். பிறகு என் தோளைத் தொட்டு, உதட்டில் விரலை வைத்தார்.

"அண்ணாத்தே, மெதுவா பேசு. இந்தப் பேட்டைல கீறவன் பாதிப் பேரு பந்து ஆடறவன்தான்."

"ஏன் மச்சான், பயமாயிருக்கா?" என்றான் பொன்ராஜ்.

"எனுக்கு இன்னா பயம்? உனுக்குத்தான் சொல்றேன் மாமே."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஏதோ போதையில் சொல்கிறார் என்று நினைத்தோம். இன்னொரு தடவை சுண்டலையும் ஈரலையும் சத்தம் போட்டு ஒப்பித்துவிட்டு, எட்டு மணிக்குச் சரியாக எழுந்தோம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் கால் இறுதியில் யாருக்கு யார் என்று சீட்டுக் குலுக்கினார்கள். எங்களுக்கு விழுந்தது உள்ளூர்த் தொழிற்சாலை டீம். ஒன்பது மணிக்கு வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவர்களில் நாலாம் நம்பர் பனியன் போட்ட ஒல்லி ஆளைப் பார்த்ததும் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். நீளக் கை. கண்ணியப்பன் என்னைப் பார்த்து முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை.

"முட்டை!" என்றார் அண்ணன். வலை ஓரத்தில் நாலு கைகள் எழுந்து நின்றன. "சுண்டல்!" இடது ஓரத்தில் சுவர் மாதிரி ரெண்டு பேர். "ஈரல்!" என்றபோது வேடிக்கை பார்த்த ஜனங்களே சிரித்துவிட்டார்கள். முதல் செட் ஆறுக்குப் பதினைந்து என்று போய்விட்டது.

பக்கம் மாறும் இடைவெளியில் அண்ணன் தண்ணீரைக் குடிக்காமல் தலையில் ஊற்றிக்கொண்டார். "ஒரு செட்தான்டா மிச்சம். அதோட டீமும்" என்றார்.

"வேற பேரு வைப்போம்ணே" என்றான் பொன்ராஜ்.

"ஒரு நிமிஷத்துல ஆறு பேரு மண்டையில ஏறாது. யாரும் வாயத் தொறக்காதீங்க. என் தோளப் பாத்து ஆடுங்க."

பதினொரு வருஷத்தில் எங்கள் டீம் வாயை மூடிக்கொண்டு ஆடியது அன்றுதான். மைதானத்தில் காலடிச் சத்தமும் பந்துச் சத்தமும் மட்டும். நான் ஓரத்தில் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது செட் எங்களுக்கு, பதினைந்துக்குப் பன்னிரண்டு. மூன்றாவது செட்டில் ஏறியும் இறங்கியும் கடைசியில் பதினாலுக்குப் பதிமூன்று, சர்வீஸ் எங்களுடையது. இன்னும் ஒரு புள்ளி.

பந்து போய் வந்து, போய் வந்து, அண்ணன் கைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து பொன்ராஜ் பழக்க தோஷத்தில், இடது ஓரத்திலிருந்து தொண்டை கிழியக் கத்திவிட்டான்: "சுண்டல்!"

எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணியப்பனும் இன்னொருவரும் பொன்ராஜைப் பார்த்துப் பாய்ந்தார்கள். அண்ணன் விரல் நுனியில் பந்து ஒரு கணம் நின்றது. பிறகு குட்டையாக, வலை ஓரமாக, முட்டையாக எழும்பியது. அங்கே நின்ற எங்கள் ஆள் சும்மா தட்டினான். மறிக்க ஒரு கை இல்லை. மணலில் 'தொப்'.

அண்ணன் வலைக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் அவர்மேல் விழுந்தோம். டீம் பிழைத்தது.

வலைக்கு அடியில் குனிந்து வந்து முதலில் கை கொடுத்தவர் கண்ணியப்பன்தான். "நேத்தே சொன்னேன்ல?"

"நீங்கதானே போட்டுக் கொடுத்தீங்க?" என்றேன்.

"நா ஒரு வார்த்த சொல்லல அண்ணாத்தே. கூட குந்திகினு இருந்தானுங்களே ரெண்டு பேரு, அவனுங்க ஊட்டுக்குப் போறதுக்குள்ள டீம் பூரா தெரிஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணு, தோத்தாலும் இந்த மாதிரி ஒரு சுண்டல நா பாத்ததில்ல."

அன்று சாயங்காலம் அவரே எங்களை பஸ்ஸில் ஏற்றிப் பூந்தமல்லியில் இறக்கி, சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ரோட்டோரப் பாருக்குக் கூட்டிப் போனார். லாரிக்காரர்கள் உட்காருகிற இடம். கர்நாடகத்துப் பீர்கூட இருந்தது, கொஞ்சம் இனிப்பு. "மெட்ராஸ் பீரு அடிக்கும், இது அணைக்கும்" என்றார் கண்ணியப்பன். மறுநாள் அரையிறுதி இருந்ததால் அதே சட்டம்தான்: ரெண்டு பேருக்கு ஒன்று, எட்டு மணிக்குள் எழுந்தாக வேண்டும். கண்ணியப்பனுக்கு ஜோடி இல்லாததால் அண்ணன் தன் பாதியை அவருக்கு ஊற்றினார். பதினொரு வருஷத்தில் வெளி ஆளுக்கு அவர் ஊற்றிப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அரையிறுதியில் நேர் செட்டில் தோற்றோம். யாருக்கும் பெரிய துக்கமில்லை. மேனேஜர் கேட்டது அதுவரைக்கும்தான்.

மாலை நாலு இருபதுக்கு ஆவடி ஸ்டேஷன். வழியனுப்பக் கண்ணியப்பன் வந்திருந்தார், கையில் ஒரு பொட்டலம் போட்டி வறுவல். எங்கள் ஊர் பாரில் பக்கத்து மேஜைக்காரன் உங்கள் பேச்சைக் கேட்டால், நடுவில் புகுந்து ரெண்டு யோசனை சொல்வான். மெதுவாகப் பேசு என்று எதிராளிக்குப் புத்தி சொல்கிற மனுஷனை நான் ஆவடியில்தான் பார்த்தேன். ரயிலில் உட்கார்ந்ததுமே அண்ணன் அடுத்த வருஷ ஆட்டத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்துவிட்டார், தறிச் சத்தத்தை மீறுகிற அதே குரலில். வண்டி நகர்ந்தது. பிளாட்பாரத்தில் கூடவே நடந்து வந்த கண்ணியப்பன் ஜன்னலுக்குள் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்.

அம்பத்தூர் தாண்டும்வரை எட்டுப் பேரும் வாயைத் திறக்கவில்லை. கொரட்டூரில் ஒருவர் கூடையோடு ஏறி, "சுண்டல்! சுண்டல்!" என்று கத்தினார்.

எட்டுப் பேரும் ஒன்றாக இடது பக்கம் திரும்பினோம்.