தொட்டியடிப் பெஞ்சின் சாய்வு

எங்கள் தெருப் பூங்காவைச் சீரமைக்கும் குழுவில் என்னைச் சேர்த்ததற்கு ஒரே காரணம், மற்ற எல்லாருக்கும் வேலை இருந்ததுதான். நான் ஓய்வு பெற்றவன், அதிலும் மனைவி ஊரில் இல்லாதவன். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவான், டீ கொடுத்தால் போகமாட்டான்.

பூங்கா என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. நடுவில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் மோட்டார் அறை, நாலு வேப்பமரம், ஏணி உடைந்த ஒரு சறுக்கு. தொட்டியின் காலடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் தன் அப்பா நினைவாகப் போட்டுக் கொடுத்தது. கட்டிய கொத்தனார் வெளியூர்க்காரர். கரிசல் மண்ணை நம்பி ஒரு முழம் மட்டும் தோண்டிக் காலை நட்டுவிட்டார். எங்கள் மண் வெயிலில் வாய் பிளக்கும், மழையில் பொங்கும். இரண்டே மழையில் பெஞ்சு கிழக்கே சாய்ந்துவிட்டது. கிழக்குக் காலில் பொறித்திருந்த 'உபயம்' என்ற எழுத்து மேலே நிற்க, உபயம் செய்தவர் பெயரில் பாதி மண்ணுக்குள் போய்விட்டது.

அந்தப் பெஞ்சில்தான் நானும் என் மனைவியும் சாயங்காலங்களில் உட்காருவோம். காதலுக்காக அல்ல, தண்ணீருக்காக. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது அவளுக்குக் காதாலேயே தெரியும். தொட்டிக்குள் விழும் சத்தத்தைக் கேட்டு, "முக்கா ஏறிட்டு, காலைல திறந்துருவாவ" என்பாள். அவள் சொன்னால் தண்ணீர் வரும். நான் சொன்னால் காற்று வரும்.

அவள் மேற்கு ஓரம், நான் கிழக்கு ஓரம். பேச்சு வளர வளர, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து என் தோளில் வந்து இடிப்பாள். "பெஞ்சு சாயுது, நான் என்ன செய்ய" என்று வேப்பமரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓரத்துக்குப் போவாள். மறுபடி சரிவாள். முப்பது வருடக் குடித்தனத்தில் வீட்டுக்குள் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மகளின் பிரசவம் பார்க்கப் பெங்களூர் போனாள். மூன்று மாதம் என்றாள். பேத்தி இப்போது வாய் நிறையப் பல்லோடு போனில் என்னை அதட்டுகிறாள்.

மோட்டார் அறை முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. பொறியாளர் வரைபடத்தை விரித்தார். எட்டு வடிவ நடைபாதை, விளக்கு, மோட்டார் அறைக்குக் கம்பிவேலி என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில், சாய்ந்த பெஞ்சை எடுத்துவிட்டு மட்டமாகப் புதுசு போடுவது என்றார். தலை ஆடவில்லை.

எழுந்தேன். சாய்ந்திருப்பதால் அதில் மழைத்தண்ணீர் தேங்காது என்றேன். சாய்வு முதுகுக்கு நல்லது என்று எங்கோ படித்ததாகச் சொன்னேன். வெளிநாட்டில் சாய்ந்த கோபுரத்தை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சிரிக்க வைத்தவனின் கஷ்டம் இது. ஒருநாள் நிஜமாகக் கெஞ்சினாலும் கைதட்டுகிறார்கள்.

எதிர்வீட்டில் கடலைமிட்டாய் வியாபாரம் செய்யும் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, மயினி எப்ப வாராவ?" என்று கேட்டார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. வருவாள், வருவாள் என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தேன்.

பொறியாளர் நல்ல மனிதர். புதுப் பெஞ்சும் அதே இடத்தில் இருக்கட்டும், ஆனால் பழையதில் ஒரு கால் விரிசல் விட்டிருக்கிறது, யாராவது விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார். நியாயம்தான். கையெழுத்துப் போட்டேன்.

வேலை தொடங்கிய அன்று கொத்தனாருக்கு டீயும் வடையும் வாங்கிக்கொண்டு போனேன். லஞ்சம்தான். இவர் உள்ளூர்க்காரர், கரிசலுக்கு அடியில் கெட்டியாகக் கிடக்கும் சுக்கான் பாறை தட்டுப்படும் வரை குழி தோண்டிக்கொண்டிருந்தார். கிழக்குக் காலுக்கு மட்டும் கொஞ்சம் ஆழம் குறைத்தால் என்ன என்று மெல்லக் கேட்டேன். வடையை மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"வடை நல்லாருக்கு அண்ணாச்சி. ஆனா மட்டம் மட்டந்தான்."

மட்டப் பலகையின் குமிழி நட்டநடுவில் நின்றது. எவ்வளவு முறைத்தும் அசையவில்லை.

சிமெண்ட் காய்ந்ததும் போனில் அவளைக் கூப்பிட்டு, பெஞ்சைக் காட்டினேன்.

"நேராக்கிட்டாவளா?"

ஆமாம், நான் ஒருத்தன்தான் எதிர்த்தேன் என்றேன். எதற்காம் என்று கேட்டாள். நீ சரிந்து வர இனி வழி இல்லையே என்று, சிரிப்பு எதுவும் சேர்க்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் பேத்தி எதையோ தள்ளிவிட்ட சத்தம். அதை எடுத்து வைத்துவிட்டு வந்தாள்.

"சாய்வு சாய்வுதான். அதுக்காக மனுசி சரியுற அளவுக்கா சாஞ்சு கிடந்துச்சு? நாந்தான் நகந்து நகந்து வந்தேன். இது கூடவா தெரியாம இருந்தீங்க?"

எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்டேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கட்டும் என்றாள். பிறகு, போனைத் தொட்டிப் பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். மேலே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பெங்களூரில் அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"பாதிதான் ஏறிருக்கு. நாளைக்கு வராது. நாளன்னைக்குக் குடத்தை வைங்க."

சரி என்று சொல்லிவிட்டு, கிழக்கு ஓரமாகவே உட்கார்ந்தேன்.