திரைக்கு முன்னால் ஒரு கதிரை

பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஸமீமின் மனைவி றலியாவுக்குக் கோழிக்கால் பிடிக்காது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. கல்யாணமான புதிதில் "நீங்க எடுங்க" என்று கணவன் பக்கம் தள்ளினாள். பிறகு பிள்ளைகள் பக்கம். கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமும் அப்படித்தான் கைமாறிப் போனது. கல்யாண வீடுகளில் திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் எழும்பிய பிறகுதான் இந்தப் பக்கம் பெண்களுக்குச் சஹன் வரும். அந்த ஒரே பெரிய தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடும்போதும் அவள் விரல்கள் நல்ல இறைச்சித் துண்டை எதிரே இருப்பவள் பக்கம்தான் நகர்த்தும்.

லண்டனிலிருக்கும் மகள் றிப்தா இருவருக்கும் டிக்கட் எடுத்தாள். முழங்கால் வருத்தம் என்பதால் உம்மாவுக்கு மட்டும் பிஸ்னஸ் கிளாஸ், வாப்பாவுக்குப் பின்பக்கத்தில் சாதாரணக் கதிரை. "சீட்ட மாறிக் கீறிப் போட வேணாம் உம்மா," என்று போனில் கண்டித்தும் சொன்னாள். பெற்றவளை நன்றாக அறிந்த பிள்ளை.

விமானம் எழும்பியதும் திரையை இழுத்து மூடினார்கள். இந்த முறை றலியா இருந்தது முன்பக்கம். பணிப்பெண் ஒரு பொத்தானை அமத்த, கதிரை கட்டிலாக நீண்டது. காலை நீட்டியதும் வலி விட்டுப்போனது, உண்மையாகவே விட்டுப்போனது. ஆனால் சாப்பாடு வந்தபோதுதான் சங்கடம். வெள்ளைத்துணி விரித்து, பீங்கானில் முழுசாக ஒரு கோழிக்கால். நகர்த்தி வைக்க எதிரே ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, வேறு வழியில்லாமல் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடிந்த கையோடு பணிப்பெண் வந்து கூப்பிட்டாள். திரைக்கு அப்பால் ஸமீம் நின்றுகொண்டிருந்தார். உள்ளே விடவில்லை போலும்.

"சீனிக் குளிசை உங்கட பேக்ல."

நீரிழிவு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். வாங்கியவர் போகவில்லை. அவள் தோளுக்கு மேலால் அந்தக் கட்டிலை எட்டிப் பார்த்தார்.

"முன்னால ஈக்கிறவன் கதிரையச் சரிச்சிட்டான். முதுகே போகுது," என்றார். பிறகு, "தனியா ஈக்க உங்களுக்குக் கஷ்டமா ஈந்தா சொல்லுங்க. மாறிக்கொள்ளுவோம்."

'நீங்க எடுங்க' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. கெட்ட மனுஷன் இல்லை. வாழ்நாள் முழுக்க அவளிடம் எதையும் கேட்டுப் பார்க்கத் தேவைப்படாதவர், அவ்வளவுதான். அவளும் சொல்லவில்லையே.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல," என்றாள் றலியா. "குளிசையப் போட்டுட்டுக் கொஞ்சம் சாஞ்சிக்கோங்க."

ஸமீம் குளிசையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏதாவது பேச வேண்டுமே என்று, "சாப்பாடு என்ன?" என்றார்.

"கோழிக்கால். நல்ல ருசி."

"உங்களுக்குத்தான் கோழிக்கால் புடிக்காதே."

"யாரு சொன்ன?" என்று கேட்டுவிட்டு, றலியா திரையை இழுத்து மூடினாள்.