ராமாத்தாள் போட்ட வெடி

ராமாத்தாளுக்கு நாய் என்றாலே ஆகாது. ஆனால் விதி அவளை நாய்க்கிறுக்குப் பிடித்த ஒருத்தருக்குத் தங்கையாகப் பிறக்கவைத்து, அதைவிடக் கிறுக்கான ஒருத்தருக்குக் கட்டியும் வைத்தது. மலையாளத்து எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அவள் புருஷன் ஆறுச்சாமிக்குக் கரும்புத் தோட்டம். இரண்டு மைல் தள்ளி அண்ணன் ரத்தினசாமிக்குக் கடலைத் தோட்டம். இருவர் கிணற்றிலும் தண்ணீர் இருந்தது, உடம்பில் தெம்பு இருந்தது, பேங்கில் அடகு நகை ஒன்றும் இல்லை. குறை என்று ஒன்றும் இல்லாத மனுஷன் சும்மா இருப்பானா? இருவரும் ராஜபாளையம் நாய் வளர்த்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் ஜாதிநாய் வளர்க்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால் அதிகம். அதற்குள் சங்கம் மட்டும் மூன்று. முதல் சங்கத் தலைவருடைய நாயின் வாலைப் பார்த்து யாரோ சிரித்துவிட, இரண்டாவது சங்கம் பிறந்தது. அதில் டீ முதலில் யாருக்குக் கொடுப்பது என்ற தகராறில் மூன்றாவது பிறந்தது. ஒருத்தர் வீட்டு நாய் குட்டி போட்டால் இன்னொருத்தர் பார்க்கப் போவார். தொட்டிலைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்துவிட்டு, "மூஞ்சியெல்லாம் நம்ம சந்தைப்பேட்டைக் கறுப்பன் சாயலுங்க" என்று ஒரு தெருநாயைச் சொல்லிவிட்டு வருவார். காட்சிக்கு முதல் நாள் எதிராளியின் நாய்க்குப் பிரியமாக ஒரு வாளிப் பழைய சோற்றை வைத்துவிடுவார்கள். மறுநாள் அது இடுப்பைத் தொலைத்துவிட்டுப் பூசணிக்காயாக வந்து நிற்கும். மூக்கு இளஞ்சிவப்பாக இருந்தால்தான் உசத்தி என்பதால் குங்குமம் தடவிக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அதைத் துடைத்துக் காட்டி மானத்தை வாங்குவதற்கென்றே முதல் சங்கச் செயலாளர் சென்னிமலை தோளில் எப்போதும் ஈரத்துண்டோடு அலைவார்.

"நாய் தேவலை, கடிச்சா ஒரு கடியோட உட்டுரும்" என்பாள் ராமாத்தாள்.

அவள் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. ரத்தினசாமி தங்கைக்குச் சீராக ஒரு பெட்டை நாயைக் கொடுத்திருந்தார். அது குட்டி போட்டால் நாயைக் கொடுத்தவருக்கு முதல் பொறுக்கு; அதுதான் அங்கே வழக்கம். அது வெள்ளை வெளேரென்று இரண்டு கடுவன் குட்டிகளைப் போட்டது. ரத்தினசாமி வந்தார், தூக்கிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், ஒன்றைப் பொறுக்கி வைத்துவிட்டு, பால்குடி மறந்ததும் எடுத்துக்கொண்டு போய் ஜமீன் என்று பேர் வைத்தார். மிஞ்சினதற்கு ஆறுச்சாமி சீமான் என்று வைத்தார். ஆறு மாதத்தில் சீமான் ஒரு விரற்கடை கூடுதலாக உயர்ந்துவிட்டது. அவ்வளவுதான். "நான் பொறுக்கி வெச்ச குட்டியை மாத்திப்போட்டாரு மாப்பிள்ளை" என்று ரத்தினசாமி சந்தையில் வைத்துச் சொன்னார். அன்றைக்கு நின்ற பேச்சுவார்த்தை மூன்று வருஷமாகியும் தொடங்கவில்லை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. தூய வெள்ளையாகப் பிறக்கிற ராஜபாளையம் குட்டிகளில் சிலதுக்குக் காது கேட்காது. வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லாத சங்கதி. செவிட்டு நாய் என்று பேர் வந்துவிட்டால் அந்த வீட்டுக் குட்டியை அப்புறம் யாரும் சீந்தமாட்டார்கள். சீமானுக்குக் காது கேட்காது. ஆறுச்சாமி அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிடவில்லை. மச்சான் நல்ல குட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்று அன்றைக்கு உள்ளே ஊன்றிய கோபம்தான் அப்புறம் மரமாகிவிட்டது. வெளியே மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கூப்பிட்டால் நாய் திரும்பவில்லையே என்று யாராவது கேட்டால், "கூப்புட்ட ஒடனே திரும்பறதுக்கு அது என்ன கூலி நாயிங்களா? ஜாதி நாயிங்க, அதுக்குத் தோணோணும்" என்பார். அத்தோடு விடாமல், ரத்தினசாமியின் ஜமீன்தான் செவிடு என்று ஊரெல்லாம் கிளப்பியும்விட்டார். ரத்தினசாமி மட்டும் லேசுப்பட்டவரா? சீமான்தான் செவிடு என்று அவர் பங்குக்குக் கிளப்பினார்.

சோறு வைக்கிறது என்னவோ ராமாத்தாள்தான். வாசலில் நின்று காலால் தரையை மூன்று தட்டுத் தட்டுவாள். அதிர்வு தெரிந்து சீமான் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். வீட்டைத் தாண்டி அது யாருக்கும் தெரியாது.

இப்படியே போயிருந்தால் அவளும் தலையெழுத்து என்று இருந்திருப்பாள். ஆனால் மகள் கமலாத்தாளுக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது. தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் எந்தப் பெண்ணும் மணவறை ஏறியதில்லை. இருக்கிற ஒரே அண்ணன் உயிரோடு இரண்டு மைலில் இருக்க, பங்காளி முறையில் யாரையாவது மாமனாக நிறுத்துவதா?

வெற்றிலை பாக்குத் தட்டோடு தனியாகவே அண்ணன் வீட்டுக்குப் போனாள். ரத்தினசாமி தட்டைத் தொடவில்லை.

"குட்டியை மாத்துனது நாந்தான்னு உன்ற ஊட்டுக்காரரு வந்து சொல்லட்டும் அம்மிணி. அப்பறம் நான் பட்டம் கட்ட வாறேன்."

"நாயா பெருசு, அண்ணா? கமலா உங்க கையில வளந்தவ."

"நாய் பெருசில்ல. நாயம் பெருசு" என்று சொல்லிவிட்டு அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். இதே வாக்கியத்தை ஆறுச்சாமி தினமும் சொல்லிக் கேட்டவள்தான் ராமாத்தாள். இரண்டு பேரையும் ஒரே கட்டுத்தறியில் கட்டினால் என்ன என்று தோன்றியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, அண்ணன் மனைவி மருதாத்தாள் நாய்ச்சோற்றுச் சட்டியோடு பின்வாசலுக்கு வந்தாள். இங்கேயும் அங்கேயும் பார்த்துவிட்டு, காலால் தரையை ஓங்கித் தட்டினாள். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து ஜமீன் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது.

மாட்டுக்கொட்டத்துச் சுவரோரம் இருந்த ராமாத்தாள் முன்னால் வந்தாள். மருதாத்தாளின் முகம் வெளுத்தது.

"யாருகிட்டயும் சொல்லிராத ஆத்தா. உங்கண்ணன் என்னை ஊட்டை உட்டே தொரத்திப்போடுவாரு. மாப்பிள்ளை நல்ல குட்டியை வெச்சுக்கிட்டுச் செவிட்டை நம்ம தலையில கட்டிட்டாருன்னு ராத்திரியெல்லாம் பொலம்பறாரு."

"எங்கூட்டுலயும் அதேதானுங்க நங்கையா" என்றாள் ராமாத்தாள். "நாங்களும் காலைத்தான் தட்டறோம்."

மருதாத்தாள் சட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் மாட்டுக்கொட்டத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. சொன்னால் இருவருமே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பொய் என்று சத்தியம் பண்ணுவார்கள். பண்ணின சத்தியத்துக்காக இன்னும் மூன்று வருஷம் பேசமாட்டார்கள்.

"நாம சொன்னா ஆகாது" என்றாள் ராமாத்தாள். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ரெண்டு நாயையும் கண்ணால பாக்கோணும்."

எப்படி என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. அந்த வருஷ நாய்க்காட்சி பகவதி கோயில் மைதானத்தில் என்று கேள்விப்பட்டதும் தெரிந்துவிட்டது. அந்தக் கோயிலில் வெடிவழிபாடு விசேஷம். கவுண்டரில் பேரும் நட்சத்திரமும் சொல்லிக் காணிக்கை கட்டினால், இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து வெடிப்பார்கள். நாலு ஊருக்குக் கேட்கும். மகள் கலியாணத்துக்காகத் தாய் வெடி நேர்ந்துகொண்டால் அதில் யார் என்ன குற்றம் சொல்லமுடியும்? ஆனால் சென்னிமலைக்கு விஷயம் புரிந்துவிட்டால் இரண்டு வீட்டு மானமும் ஒரே நாளில் சந்திக்கு வரும்; பழி தன்மேல் விழும்; அண்ணன் ஜென்மத்துக்கும் படியேற மாட்டார். அது அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் போனாள்.

காட்சிக்கு நடுவராக வந்தவர் இன்னாசிராஜ். பள்ளிவாசல் என்கிற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரத் துரையின் நாய்களைச் சாயங்காலம் உலாத்தக் கூட்டிப்போனவர் என்பதால், நாய் விஷயத்தில் அவர் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது. கால்சராயும் தொப்பியுமாக அவர் வந்து நின்றபோது மூன்று சங்கமும் எழுந்து கும்பிட்டது.

நாய்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஆறுச்சாமியும் ரத்தினசாமியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டதால், சீமான் வரிசையின் ஒரு கோடியில், ஜமீன் மறு கோடியில். நடுவில் மற்ற நாய்கள். சென்னிமலை தன்னுடைய கன்னி ஜாதி நாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஈரத்துண்டோடு ஒவ்வொரு மூக்காகத் துடைத்து வந்தார். நடுவர் காதில் ஆறுச்சாமி ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் ரத்தினசாமியும் ஏதோ சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே சங்கதியத்தான்யா சொல்லுதீக" என்றார் இன்னாசிராஜ் எரிச்சலோடு. "கடைசில காதையும் சோதிச்சிருவோம்."

இரண்டு முகத்திலும் ஒரே நேரத்தில் வேர்த்தது. ராமாத்தாள் கோயில் கவுண்டரில் காணிக்கையை நீட்டினாள்.

ஒலிபெருக்கி மலையாளத்தில் கூவியது: "கமலாத்தாள், மகயிரம் நட்சத்திரம், வலிய வெடி ஒந்நு."

மகள் பேரைக் கேட்டு ஆறுச்சாமி திரும்புவதற்குள் வெடித்தது.

ஆலமரத்துக் காக்கை மொத்தமும் வானத்தில் இருந்தது. மைதானத்து நாய் மொத்தமும் மைதானத்தில் இல்லை. ஒன்று பந்தலுக்குள் புகுந்து, பரிசுக் கோப்பை வைத்திருந்த மேசையோடு வெளியே வந்தது. இன்னொன்று மூன்றாவது சங்கத் தலைவரை வேட்டியில்லாமல் விட்டுவிட்டுப் போயிற்று. சென்னிமலை சங்கிலியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். கன்னி நாய் அவரை ஈரத்துண்டோடும் இழுத்துக்கொண்டு போய்க் கோயில் குளத்தில் இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் மைதானத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வெறிச்சோடிய மைதானத்தின் இரண்டு கோடியிலும் இரண்டு வெள்ளை நாய்கள் மட்டும் நின்றன. தரை அதிர்ந்ததில் யாரோ சோற்றுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, இரண்டும் வாலை ஆட்டிக்கொண்டு சட்டியைத் தேடின.

ஆறுச்சாமி மறு கோடியைப் பார்த்தார். ரத்தினசாமி இந்தக் கோடியைப் பார்த்தார்.

இன்னாசிராஜ் தொப்பியைக் கழற்றிவிட்டார். "எங்க தொரை நாயி பட்டாசுக்கே கட்டிலுக்கு அடியில போயிரும். இதுக வெடிக்கு வாலாட்டுதுகய்யா. இதுல்லா நாயி. காதுச் சோதனையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்." ஒரே கோப்பை, நசுங்கியிருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குளத்திலிருந்து சொட்டச் சொட்ட ஏறிவந்த சென்னிமலை, இந்த வம்சத்தில் தனக்கு ஒரு குட்டி வேண்டும் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே குரலில் "பாக்கலாமுங்க" என்றார்கள்.

கூட்டம் கலைந்தபின் கோயில் மதிலோரம் இருவரும் ஒதுங்கினார்கள்.

"உங்களுதுமா மாப்பிள்ளை?"

"உங்களுதுமுங்களா மச்சான்?"

"நல்லதை நீங்க வெச்சுக்கிட்டீங்கன்னு மூணு வருசமா எனக்குத் தூக்கமில்ல."

"நானும்தானுங்க. நீங்க பொறுக்கிட்டுப் போன நாள்லருந்து."

நசுங்கின கோப்பையை மாறி மாறிக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். பிரசாத இலையோடு ராமாத்தாள் வந்து நின்றாள். ஒலிபெருக்கியில் வந்த பேர் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"வெடி நீ போட்டதா புள்ள?" என்றார் ஆறுச்சாமி.

"கமலாவுக்கு நேத்திக்கடனுங்க. கலியாணத்தன்னிக்கும் ஒண்ணு நேந்திருக்கறேன். அண்ணன் பட்டம் கட்ட வந்தா, வெறும் வெடி. வராட்டி, மூணு சங்கத்தையும் பந்தலுக்குக் கூப்புட்டு, ரெண்டு நாய்க்கும் ஏன் வெடி கேக்கலைன்னு வெளக்கம் சொல்லிப்போட்டு வெடி."

ரத்தினசாமி இலையிலிருந்து சந்தனத்தைத் தொட்டு இட்டுக்கொண்டார். "முகூர்த்தம் எத்தனை மணிக்கு அம்மிணி?" என்றார்.

முகூர்த்தத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மாமன் சீரோடு வந்தார், மருதாத்தாளோடு வந்தார், ஜமீனோடும் வந்தார். கமலாத்தாளை மனையில் உட்காரவைத்துப் பட்டத்தைக் கட்டிக்கொண்டே தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனை நாளும் இந்தக் கொழந்தையப் பாக்காம இருந்துட்டனே அம்மிணி. நீ தட்டோட வந்து கூப்புட்டும் கேக்கலையே" என்றார்.

சாமர்த்தியமாக ஏதாவது சொல்லவேண்டும் என்றுதான் ராமாத்தாள் நினைத்திருந்தாள். மனசில் கிடந்ததுதான் வாயில் வந்தது.

"நாய்க்காச்சும் காலைத் தட்டுனாத் தெரியுதுங்கண்ணா" என்றாள். "உங்களுக்கு வெடி வெக்க வேண்டியதாப் போச்சு."

சொல்லிவிட்டு அழுதாள். ரத்தினசாமியும் அழுதார். பட்டம் கொஞ்சம் கோணலாகத்தான் கட்டியிருந்தது. யாரும் அதைத் திருத்தவில்லை.