பொட்டு வைத்த மிஷின்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் பிழைப்பைக் கெடுத்ததே இந்த வாய்தான்.

திண்டிவனத்துப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் கம்பெனியே தடபுடலாகப் பூஜை போட்டது. மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் வாங்கியாயிற்று. அந்த நேரம் பார்த்து மேனேஜருக்குப் போன் வந்தது. அவசர ஆர்டராம். "எல்லாரும் உக்காருங்க, கொஞ்ச நேரம் தைச்சுட்டுப் போங்க" என்று ஓடிவந்தார்.

கும்பிட்ட மிஷினை மறுபூஜை முடியாமல் தொடலாமா? கையால் தொட்டாலாவது சாமி மன்னிக்கும். இது காலால் மிதித்து ஓட்டுகிற மிஷின். எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். நான் மட்டும், "கும்புட்ட மிஷின்ல காலை வெக்க மாட்டேன் சார். வேணும்னா நீங்க மிதிங்க" என்றேன். மொத்த லைனும் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புதான் அவரைச் சுட்டிருக்க வேண்டும்.

மறுவாரமே நோட்டீஸ் வந்தது. உள்விசாரணை என்று உட்கார வைத்து, "அப்படிச் சொன்னியா, இல்லையா?" என்றார்கள். சொன்னேன் என்றேன். கீழ்ப்படியாமை, ஒழுங்கீனம் என்று எழுதி வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். வேறு கம்பெனி கேட்டில் போய் நின்றால், என் தையலைப் பார்க்கும் முன்பே ஒழுங்கீனத்தைப் பற்றிக் கேட்டார்கள். தையலில் குறை சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். இதை எப்படி விழுங்குவது? வேலையும் திரும்ப வேண்டும், அந்தப் பெயரும் போக வேண்டும் என்று விழுப்புரத்துத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன்.

அப்புறம் வாய்தா மேல் வாய்தா. எங்கள் ஊர் கிளியனூரிலிருந்து பஸ் மாறி மாறிப் போவேன். "மிஷின்ங்கிறது இரும்பு மேடம், அதுக்கு ஏது சாமி?" என்று கம்பெனி வக்கீல் ஒவ்வொரு முறையும் கேட்பார். எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். விசாரிக்கிற அதிகாரி அம்மா முறைப்பார். முறைத்தால் இன்னும் சிரிப்பு வரும்.

இப்படியே வருஷம் திரும்பிவிட்டது. அடுத்த வாய்தா ஆயுத பூஜைக்கு முதல் நாளில் விழுந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை. "வாய மூடிக்கினு இரு, சிரிச்சுத் தொலைக்காத" என்று எச்சரித்துவிட்டு என் வீட்டுக்காரர் டீக்கடையில் நின்றுகொண்டார். உள்ளே போனால் ஒரே சாம்பிராணிப் புகை. பீரோவுக்கு விபூதிப் பட்டை, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, நாற்காலிக்குக்கூட மாலை.

"சென்னையிலேர்ந்து வந்திருக்கேன், இன்னைக்கே முடிச்சுடலாம் மேடம்" என்றார் வக்கீல்.

"எங்க ஃபைல் பீரோவுல இருக்குது சார். பூஜை போட்டாச்சு, இனிமே யாரும் திறக்க மாட்டாங்க. உங்க கேஸ் கட்டைக் குடுங்க, அதை வெச்சிப் பாத்துடலாம்" என்றார் அதிகாரி.

வக்கீல் பையைத் திறந்தார், மூடினார். பக்கத்தில் இருந்த மேனேஜரைப் பார்த்தார். "எங்க ஆபீஸ்லயும் நேத்தே பூஜை போட்டுட்டாங்க மேடம். கட்டு சாமிகிட்ட இருக்குது. கிளார்க்கை எடுக்கச் சொன்னேன், தொட மாட்டேன்னுட்டாரு."

"அப்புறம்? அவரை வேலையை விட்டு எடுத்துட்டீங்களா?" என்று என் வாய் முந்திக்கொண்டது.

முதலில் சிரித்தது நான் இல்லை, சத்தியமாக. வக்கீல்தான். அடுத்து அதிகாரி அம்மா, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு. கடைசியில் மேனேஜருக்கும் உதடு கோணிவிட்டது. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினேன்.

"வந்து சேந்துக்கட்டும் மேடம். வேலையை விட்டு எடுத்த ஆர்டரையும் ரத்து பண்ணிடுறோம், ஒழுங்கீனம்னு எதுவும் இருக்காது" என்றார் மேனேஜர். என் பக்கம் திரும்பி, "நாளைக்கே வந்துடும்மா" என்றவர், உடனே நெற்றியில் அடித்துக்கொண்டார். நாளைக்கு எந்த மிஷின் ஓடும்? கையெழுத்துக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். பீரோவைத் திறக்க வேண்டுமே!

படியில் இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"இன்னாடி ஆச்சு? தோத்துட்டமா?"

"இல்லய்யா" என்றேன். "நான் ஒழுங்கா இருக்கறவதானாம்."