சார் எடுத்துப்போட்ட கேள்வி

‘பழைய பதிவு அழிந்துவிடும். சேமிக்கலாமா?’ என்று கேட்டுக்கொண்டு திரையின் நடுவில் வந்து நிற்கும் ஒரு சின்னச் சாம்பல் நிறப் பெட்டி. நான் பீளமேட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் சார் அதை அவர் கையாலேயே எடுத்துவிட்டார். ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்யும் மென்பொருள் எங்களுடையது. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஜவுளிக்கடைத் தள்ளுபடியைக் கத்திக்கொண்டு போவார்களே, அந்தக் குரல்களைப் பதிவு செய்து கொடுப்பவர்கள்தான் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். சார் முதலாளி. திரையைச் சீர்படுத்துவதும் பிழை திருத்துவதும் என் வேலை. “தொழில் தெரிஞ்சவங்ககிட்டப் போயி, நெசமாத்தான் அழுத்துனீங்களான்னு கேக்கலாமுங்களா அம்மணி? மரியாதையா இருக்காதுங்க” என்றார். வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்காமலேயே இலை போட்டுவிடுகிற ஊர் எங்களுடையது. மென்பொருளும் அப்படியே நடந்துகொள்ள வேண்டும் என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார்.

“அழிஞ்சா திரும்ப வராதுங்க சார்” என்றேன். “பாத்துக்கலாங்க அம்மணி.” இரைச்சல் நீக்கும் கருவியிலும் ஒரு பிழை இருந்தது. பின்னால் டக் டக்கென்று சத்தம் இருந்தால், அதோடு சேர்த்துப் பேச்சில் வரும் க, ட, த எல்லாவற்றையும் சீவிவிடும். அதையும் எழுதிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே, “செஞ்சுபோடலாங்க” என்றார். அதற்கு ‘இப்போதைக்கு நடக்காது’ என்றுதான் அர்த்தம் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரியும். கத்துகிற முதலாளியாக இருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். டீ வாங்கிக் கொடுத்து, வெயிலில் அலையாதீங்க என்று அக்கறையாகச் சொல்லி, கேட்டதைக் கிடப்பில் போடுகிற மனிதரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது? இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

பல்லடத்திலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டது ஒரு மத்தியானம். சுற்றிலும் தறி ஓடுகிற தெருவில், வீட்டு அறையிலேயே விளம்பரம் பேசிப் பதிவு செய்கிறவர். அவருக்குத் தொண்டையில் தைராய்டு ஆபரேஷன். குரல் மாறிப்போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே கடைப்பெயர்கள், ஊர்ப்பெயர்கள், எண்கள், ‘வாங்கம்மா வாங்க’ எல்லாவற்றையும் தனித்தனியாகப் பேசி வைத்திருக்கிறார். குரல் போனாலும் வெட்டி ஒட்டித் தொழிலை ஓட்டிவிடலாம் என்பது அவருடைய திட்டம். எவ்வளவு தெளிவான திட்டம்! கிளம்புகிற அவசரத்தில் தறிச்சத்தம் போகட்டும் என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக எங்கள் கருவியில் கொடுத்துச் சேமித்திருக்கிறார். எதுவும் கேட்காமல் அது பழைய பதிவுகளின் மேலேயே எழுதிவிட்டது. வீடு திரும்பிப் போட்டுக் கேட்டால், தள்ளுபடி என்று சொன்ன இடத்தில் மூச்சும் இழுவையும்தான் மிச்சம். மறுபடி பேசி வைக்க இப்போது அவரிடம் குரல் இல்லை.

சார் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். காற்று மாதிரி ஒரு குரல் வந்தது. “ஏனுங்க, நாந்தான் எதையோ தப்பா அழுத்திப்போட்டேனுங்க. படிக்காதவ பாருங்க. கோவிச்சுக்காதீங்க.”

சார் முகத்தில் அப்படியொரு கனிவு. “அட, அதுக்கென்னங்க அக்கா! எல்லாருக்கும் வர்றதுதானுங்க. அடுத்த தடவை சித்தப் பாத்துச் செய்யுங்க.”

அடுத்த தடவையாம்.

கோப்புகளை வாங்கி என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தேன். சீவிப்போனது போனதுதான். அந்தப் பிழையைத் திருத்த எனக்கு ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. சார் எடுத்துவிட்ட அந்தக் கேள்விப் பெட்டியையும் திரையில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, சார் மேசைக்கு எதிரிலேயே நின்று பல்லடத்துக்குப் போன் போட்டேன்.

“அக்கா, நீங்க எதையும் தப்பா அழுத்தலீங்க. தப்பு எங்க மென்பொருளோடது. எங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்க.”

சார் பதறி எழுந்தார். “அம்மணி, வெளியாளுங்ககிட்டப் போயி இப்படியெல்லாம் சொல்லலாமுங்களா?” குரலை அப்போதும் உயர்த்தவில்லை. இப்போது நான் வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். அவர் இன்னமும் அதே பீளமேட்டில், எல்லோரிடமும் நல்ல பெயரோடு இருக்கிறார்.

அன்றைக்குப் போனில் தறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே அக்காவின் அந்தக் காற்றுக்குரல் வந்தது.

“அப்பறம் அந்தச் சாரு எதுக்குங்க என்னைய மன்னிச்சாரு?”