எல்லாத் தட்டிலும் வெண்டைக்காய்

கஸ்தூரி மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, மதியச் சாப்பாட்டில் வெண்டைக்காய்ப் பொரியலை முறைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெண்டைக்காய் ஆகவே ஆகாது. அது என் தட்டுக்கு வந்ததற்கும் அவர்தான் காரணம்.

ராஜபாளையத்தில் நான் நடத்தும் குழந்தைகள் கிளினிக்கில் அவர் உணவு ஆலோசகர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு பிடிவாதம். உடல் பருமனான பிள்ளையைக் கூட்டி வந்தால் பிள்ளையை விட்டுவிட்டு, வீட்டில் யார் சமைப்பது, டிவி முன்னால் சாப்பிடுவது யார், மிக்சர் வாங்கி வருவது யார் என்று பெரியவர்களைக் குடைவார். உணவுச் சீட்டில் பிள்ளையின் பெயரே இருக்காது. ‘வீட்டில் எல்லோருக்கும்’ என்றுதான் எழுதுவார். ஒரு தகப்பனார் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

“பிள்ளைக்குப் பாக்க வந்தா, நான் புரோட்டா வாங்கக் கூடாதுன்னு எழுதியிருக்காவ.”

கஸ்தூரியைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த சீட்டிலும் அதையேதான் எழுதினார். பதிலுக்கு ஒரு வார்த்தை கத்தியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

ஒருநாள் அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். என் தப்புதான். என் மகள் யாழினிக்கு அப்போது பதினொரு வயது, எடை கூடுதல். அவளுக்கு மட்டும் இரண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய், எங்களுக்குப் பிரியாணி. உறவினர் கொண்டுவந்த பால்கோவா அவள் கைக்கு எட்டாமல் அலமாரி உச்சியில் இருந்தது. கஸ்தூரி பிரியாணியை வேண்டாமென்று சொல்லி, தனக்கும் சப்பாத்தியே கேட்டு வாங்கிக்கொண்டு யாழினி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்:

“இது வைத்தியம் இல்ல, டாக்டர். பிள்ளைய ஒதுக்கி வைக்கீங்க. பொறவு அது ஒளிச்சுத் திங்காம என்ன செய்யும்?”

ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் டாக்டர், எனக்கே பாடமா? ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த வாரமே யாழினியின் பள்ளிப் பைக்குள் பால்கோவா சுற்றிய தாள்கள் கிடைத்தன. திட்ட வாயெடுத்தேன். அவள் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றாள். என் பிள்ளை என்னைப் பார்த்து நடுங்குகிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் கஸ்தூரியிடம் சீட்டு கேட்டேன். அதே ‘வீட்டில் எல்லோருக்கும்’. பால்கோவா வந்தால் அன்றே ஆளுக்கு ஒரு ஸ்பூன், மிச்சம் பக்கத்து வீட்டுக்கு. மகளுக்கு என்ன காயோ, அதுதான் எனக்கும். எல்லோரும் சேர்ந்தே உட்கார வேண்டும், சேர்ந்தே எழ வேண்டும். அவள் எடை மெதுவாகத்தான் மாறியது. ஆனால் ஒளித்துச் சாப்பிடுவது நின்றது. மேஜையில் எங்களோடு உட்கார்ந்து பள்ளிக்கதை பேச ஆரம்பித்தாள். எனக்குத்தான் நாக்கு செத்துப்போனது. தினமும் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

அந்த மரணச் செய்தி கேட்டுப் போனை வைத்ததும், மேஜையில் பக்கத்தில் இருந்த யாழினியிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி எழுந்தேன். யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

“நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிக்கணும்ல. உக்காருங்கப்பா.”

உட்கார்ந்தேன். கஸ்தூரி எனக்கு விட்டுப்போனது இதுதான்: மகளுக்குப் பக்கத்தில் ஒரு இடம், பாழாய்ப்போன இந்த வெண்டைக்காய். ஒன்று விடாமல் சாப்பிட்டேன்.