இருபத்து நான்கு அமுக்கல்

எங்கள் வீட்டு டிவியில் எதையாவது தேட வேண்டுமென்றால், திரையில் வரிசையாகத் தெரியும் ஆங்கில எழுத்துகளின் மேல் ஒரு மஞ்சள் கட்டத்தை ரிமோட்டின் அம்புப் பொத்தானால் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் ஓகே. பாகூரில் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலை அலுக்கவே இல்லை. எந்தப் பெயருக்கு எத்தனை அமுக்கல் என்று எண்ணி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பேன். என் பெயருக்கு முப்பத்தொன்று. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயருக்குப் பதினெட்டுதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அம்மா அடிக்கடி அடிக்கச் சொன்னது அத்தையின் சமையல் சேனலை. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு பிரான்ஸுக்குப் போய்விட்டதால் அப்பா அவளோடு பேசுவதில்லை. அங்கே போயும் சேனலுக்கு எங்கள் ஊர்ப் பெயரோடு சமையலைச் சேர்த்துத்தான் பெயர் வைத்திருந்தாள். அப்பா கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனதும் அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருவாள். பார்த்து முடித்ததும், “தேடினத அழிச்சிடுடி. அப்பா கிட்ட மூச்சு வுடாத” என்பாள். அழிக்காமல் விட்டால் அடுத்த முறை ஒரே அமுக்கலில் வருமே என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

ஆகவே ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. எட்டு எழுத்து அடித்தால் போதும், முழுப் பெயரும் கீழே வந்துவிடும். அதற்கு இருபத்தெட்டு அமுக்கல். ஊர்ப் பெயர் முடிகிற ஆர் ஒரு வரிசையின் வலக்கோடியில் இருந்தது. சமையல் தொடங்குகிற எஸ் அடுத்த வரிசையின் இடக்கோடியில். நடுவே ஆறு அமுக்கல். ஒருநாள் கை தவறி, வலக்கோடியில் நின்றபடி இன்னும் ஒருமுறை வலப்பக்கம் அமுக்கிவிட்டேன். கட்டம் மறைந்து அதே வரிசையின் இடக்கோடியில் வந்து நின்றது! எந்த வழியாகச் சுற்றி வந்ததோ என்று டிவிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். அங்கிருந்து ஒன்று கீழே இறங்கினால் எஸ். ஆறு இரண்டாகி, இருபத்தெட்டு இருபத்து நான்கானது.

அம்மா தவளக்குப்பத்துக்குத் துணி எடுக்கப் போயிருந்த ஒரு மதியம், அப்பா குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இதுல இன்னா பேரு போட்டாலும் வருமா?”

“வரும்பா. இன்னா வேணும்?”

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உங்கத்த ஏதோ சமைக்குதாமே. டீக்கடைல சொன்னாங்க.”

என் விரல் தானாக ஓடியது. அத்தை திரையில் வந்த பிறகுதான் அப்பா என்னையே பார்ப்பது தெரிந்தது.

“உனக்கு எப்டிடி இவ்ளோ சீக்கிரம்…?”

“எல்லாப் பேரையும் எண்ணி வெச்சிருக்கேம்பா” என்றேன். அதில் பொய் அதிகமில்லை.

அவர் திரைப் பக்கம் திரும்பினார். “சத்தம் வேணாம்” என்று மட்டும் சொன்னார். அத்தை வாயசைத்தபடி மீனைக் கழுவினாள், புளி கரைத்தாள். அப்பா கண்ணை எடுக்கவே இல்லை. என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் சமையலை எப்படிப் பார்ப்பது? அவருக்கு உதவியாக இருக்கட்டுமென்று சத்தத்தைக் கூட்டினேன்.

“எங்க வூட்ல இதுல மாங்கா போடுவாங்க” என்றாள் அத்தை.

அப்பா சட்டென்று எழுந்தார். கொல்லைப்பக்கம் போய், குளித்து அரைமணி நேரம்கூட ஆகாத முகத்தை மறுபடியும் கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்தவர், “அழிச்சிடு. அம்மா கிட்ட சொல்லாத” என்றுவிட்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

அழித்தேன். மீன் குழம்பு கொதிக்கக்கூட ஆரம்பித்திருக்கவில்லை. இத்தனை அமுக்கலும் வீணாகிவிட்டதே என்று அன்றைக்கெல்லாம் அப்பா மேல் எனக்குக் கோபம்.